டிராம்போன்காரரின் முறை

மெக்சிகோ நகரத்தில் டிவி தொடர்களுக்கு இசையமைக்கும் ஹிமேனாவிடம் வேலை பார்க்கிறேன். பதிவுசெய்த ஸ்வரங்களால் ஆன முழு வாத்தியக் குழுவையும் கணினிக்குள் கட்டி மேய்ப்பதே என் பாடு. கடைசி எபிசோடு அன்று கணினி பாரம் தாங்காமல் திணறியது.

"பெரியவரே, அந்த டிராம்போன் ஊதுகருவிய அழிச்சிடுங்க. பதினோரு வருஷமா சும்மாதானே கிடக்கு. ஆறு மணிக்குள்ள அனுப்பலைன்னா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை காலி," என்றாள் ஹிமேனா.

அழிக்குமுன் அந்த டிராம்போன் பதிவைத் திறந்து கேட்டேன். உள்ளே ஒருவர் அலுத்த குரலில் எண்ணிக்கொண்டிருந்தார். தன் முறை வரும்வரை வாத்தியக்காரர்கள் அப்படித் தாளம் எண்ணுவது வழக்கம்.

"எண்ணிட்டிருக்காரும்மா."

"நீங்களும்தான் ரிடையராக நாள் எண்ணுறீங்க. அழிங்க."

அழித்தேன். எபிசோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று டிவியில், கல்யாணக் காட்சியில், டிராம்போன் மிகச் சரியான இடத்தில் நுழைந்து வாசித்தது. டிவியை அணைத்தேன். அணைந்த டிவிக்குள்ளிருந்து அதே அலுத்த குரலில் அவர் பெருமூச்சு விட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.