முதல் தறி எப்போது ஓடும்

"வெளிச்சத்த மறைச்சிகினு நிக்கறீங்களே மேடம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தலையைத் தூக்காமலே சொன்னார் அந்த அம்மாள். மூன்றாம் நம்பர் வீட்டில், சேறு வழித்தெடுத்த தறிக்குழியின் ஓரத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கையில் டேப்லெட்டோடு ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

வெள்ளம் வடிந்து நாலாவது நாள். நாகநதி ஆரணியின் இந்தத் தெருவுக்குள் இடுப்பளவு ஏறி, பதினாலு வீட்டுத் தறிகளையும் நிறுத்திவிட்டுப் போயிருந்தது.

ஒவ்வொரு தறியும் திரும்ப ஓட எத்தனை நாள் ஆகும் என்று எழுதுவதுதான் என் வேலை. பத்து நாளுக்குள் தெருவில் ஒரு தறியாவது ஓடினால், தை மாசத்துக் கல்யாணப் புடவை ஆர்டர் தெருவுக்கே. ஓடாவிட்டால் என்னை அனுப்பிய கம்பெனி அதை வேறு ஊருக்குக் கொடுத்துவிடும்.

இதற்காகச் சென்னையில் எனக்கு மூன்று நாள் பயிற்சி வேறு, மதியச் சாப்பாட்டோடு.

தண்ணீர் ஏறிய உயரத்தையும் அந்த வீட்டில் எத்தனை பேர் என்பதையும் போட்டால் நாள் கணக்கை டேப்லெட்டே சொல்லிவிடும். காலையிலிருந்து வீட்டுக்கு வீடு நாற்பத்தைந்து, ஐம்பது என்று சொல்லிக்கொண்டே வந்தது. ஆற்றோரம் இருந்த பதினாலாம் நம்பரில் மட்டும் அதுவும் வாயை மூடிக்கொண்டது. சுவர் விழுந்து, தறிமரம்கூட மிஞ்சாமல் ஆற்றோடு போயிருந்தது. பூட்டக் கதவும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. 'மதிப்பிட இயலாது' என்று நானே எழுதினேன்.

இந்த மூன்றாம் நம்பருக்கு நாற்பத்தெட்டு என்றது. அந்த அம்மாளின் விரல்களைப் பார்க்கும் வரைக்கும் அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

தண்ணீர் ஏறும்போது தறியில் நீளவாக்கில் ஓடிய பாவு நூலை அறுத்து, இழைகள் கோத்திருந்த அச்சை மட்டும் பரண்மேல் போட்டுவிட்டிருக்கிறார்கள். அதில் தொங்கிய மிச்ச நுனி ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் சேர்த்துக்கொண்டிருந்தார். தெருவிலேயே நனையாமல் தப்பிய ஒரே பாவு அது. சாம்பலைத் தொடுவார், இரண்டு நுனியை எடுப்பார், ஒரு உருட்டு. சேர்ந்துவிடும். முடிச்சே கிடையாது.

நாலாயிரத்துச் சொச்சம் இழை. என் கண்ணுக்கு ஒன்றுகூடத் தனியாகத் தெரியவில்லை. அவர் எதையும் எண்ணவில்லை, எதையும் விட்டுவிடவும் இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. கோயிலில்கூட நான் இவ்வளவு நேரம் பேசாமல் நின்றதில்லை.

எத்தனை நாள் ஆகும் என்று மெதுவாகக் கேட்டேன்.

"நாளைக்கு சாயந்தரம் தறி ஓடும். எழுதிக்கோங்க."

நாற்பத்தெட்டை அழித்துவிட்டு இரண்டு என்று போட்டேன். டேப்லெட் சிவப்பாகக் கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். ஆர்டர் இனி தெருவை விட்டுப் போகாது. என்னமோ நானே நெய்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

உரிமையாளர் கட்டம் பாக்கி இருந்தது. பெயரைக் கேட்டேன். கலைமகள் என்றார். பட்டியலிலோ சம்பந்தம் என்ற பெயர் இருந்தது. உங்கள் வீட்டுக்காரரா என்றேன்.

பின்னால் அவருக்குக் காபி கொண்டுவந்து நின்ற ஆள்தான் பதில் சொன்னார்.

"சம்பந்தம் நான்தாங்க. இவங்க பதினாலாம் நம்பரு. இவங்க அளவுக்கு ஜல்தியா பாவு பிணைக்கறவங்க இந்தத் தெருவுல யாருமில்ல."

உதவிக்கு வந்த வேறு வீட்டு ஆளைச் சேர்க்க டேப்லெட்டில் கட்டமே இல்லை.

கலைமகள் அப்போதும் தலையைத் தூக்கவில்லை. சாம்பலைத் தொட்டார், அடுத்த இரண்டு நுனியை எடுத்தார்.

ஜன்னலை விட்டு இன்னும் நன்றாகத் தள்ளி நின்றுகொண்டு பதினாலாம் நம்பரைத் திறந்தேன். காலையில் நான் எழுதிய 'மதிப்பிட இயலாது' அப்படியே இருந்தது.

அதில் திருத்த ஒன்றும் இல்லை.