வீட்டுக்குள் ஓர் உளவாளி

வீடியோ கேம் சண்டைப் போட்டிதான் அவனுக்குத் தொழில். மூன்றாவது முறையாக இறுதிச் சுற்றில் அதே ஆளிடம் தோற்றுவிட்டு வந்திருந்தான்.

“நான் எப்ப குதிப்பேன்னு அவனுக்கு முன்னாடியே தெரியுது, கோச்!” என்று போனில் பொருமினான். “திமிரா ஒரு காதுல மட்டும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு, பக்கத்து சீட்ல உட்கார்ந்து என்னைப் பந்தாடுறான்!”

“உன் பிராக்டிஸைப் பார்க்கிற யாரோ போட்டுக் கொடுக்கிறாங்க. வீட்ல யார் பார்க்கிறா?”

“என் பொண்டாட்டி மட்டும்தான்...”

சொன்ன பிறகுதான் அவனுக்கே சுருக்கென்றது. திரும்பினால், கதவருகே அவள்.

“என்னையா சந்தேகப்படுறீங்க?”

“சேச்சே!” மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். “உன்மேல எனக்கென்ன சந்தேகம்?”

அன்றிலிருந்து அவளுடைய போனை நோட்டம் விட்டான். ஒன்றும் சிக்கவில்லை.

ஒருநாள் சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடிக்கொண்டிருந்தான். அவள் திரைக்கு முதுகைக் காட்டித் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப குதிக்கப் போறீங்க,” என்றாள் திரும்பாமலே.

திரையில் அவனுடைய வீரன் குதித்தான்.

“மறுபடியும் குதிப்பீங்க.”

குதித்தான். கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு எழுந்தான். “மாட்டிக்கிட்டே! பார்க்காம எப்படித் தெரியும்?”

“குதிக்கிறதுக்கு முன்னாடி மூக்கை உறிஞ்சுறீங்க. அவன் எதுக்கு ஒரு காதைத் திறந்து வச்சிருக்கான்னு நினைச்சீங்க?”

அவன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். “அடிப்பாவி! இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லலை?”

அவள் சட்டையை உதறி மடித்தாள்.

“அன்னைக்கு என்மேல சந்தேகமே இல்லைன்னு சொன்னீங்களே, அப்பவும் உறிஞ்சினீங்க. சொல்லிட்டா நிறுத்திடுவீங்க. அப்புறம் நீங்க பொய் சொல்றதை நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”