கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்ட மன்னிப்பு

மனச்சோர்வுக்கான புது மருந்தை அவர் விழுங்கி இரண்டு மணி நேரமாகிறது. கண்ணைக் கறுப்புத் துணி மூடியிருக்க, காதில் மெல்லிய இசை ஓட, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். மருந்து ஏறியிருக்கும்போது பயிற்சி பெற்ற நர்ஸ் மட்டுமே கையைப் பிடிக்கலாம் என்பது விதி. மனைவி மூன்றடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியிலுள்ள அவருடைய மூக்குக்கண்ணாடியில் பட்ட வெயில் கூரையில் நடுங்குகிறது.

"மூளையில 'நான், நான்'னு துள்ளுற இடம் இப்ப அடங்கியிருக்கும்மா," என்று கிசுகிசுக்கிறார் டாக்டர்.

"வீட்டுல அது ஒரு நாளும் வாயை மூடினதில்ல டாக்டர்."

அவர் விசும்புகிறார். மனைவியின் கை என்றே நினைத்து, தன் கையைப் பிடித்திருக்கும் நர்ஸின் விரல்களை நெஞ்சோடு அழுத்திக்கொள்கிறார். "முப்பது வருஷமா உன்னை ஒரு மனுஷியாவே நடத்தலடி. மன்னிச்சிடு."

நர்ஸ் கையை இழுக்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் மனைவியைப் பார்க்கிறாள். நாற்காலியை விட்டெழுந்து அவரை நோக்கி நீட்டிய மனைவியின் கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. அவர் முகத்தில் மூட்டையை இறக்கிவைத்தவனின் நிம்மதி.

"தெளிஞ்சப்புறம் இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"நல்லாவே இருக்கும்மா."

"அப்ப கேட்டாச்சுன்னே இருந்துடுவாரு," என்கிறாள் அவள், கண்ணாடியை மடக்கி உறைக்குள் போட்டபடி. "இனிமே என்கிட்ட கேக்க மாட்டாரு."