அந்த வீட்டின் முதல் உருளைக்கிழங்கு

தயாவதியின் கத்தி உருளைக்கிழங்கின் மேல் இறங்காமல் நிற்கிறது. மண்ணுக்கடியில் விளைவது எதுவும் இந்தச் சமண வீட்டு அடுப்பில் இதுவரை ஏறியதில்லை. மதிய மழை இருட்டில் பல்பு மங்கலாக எரிகிறது. ஐந்து வயது மகன் ஸ்ரேயாஸ் எதிரே இருக்கும் தண்ணீர்ச் சொம்பைக் கையால் துழாவுகிறான். உணவுப் புரதத்திலுள்ள கந்தகச் சத்தைச் சிதைக்கும் நொதி அவன் உடலில் பிறவியிலேயே இல்லை. பருப்பும் பாலும் அவனுக்கு விஷம், கிழங்கு கொடுங்கள் என்று காஞ்சிபுரம் டாக்டர் காலையில்தான் சொன்னார்.

“ஒரு கிழங்குல எத்தினி உயிருன்னு நீதானேம்மா எனக்கே பாடம் எடுப்பே?” என்கிறான் கணவன் மகாவீரன்.

“இவன் கண்ணுல லென்ஸ் நழுவிக்கினு இருக்குது. அடுத்தது மூளையாம். இந்த ஒரு உயிரை எண்ணுங்க.”

மகாவீரன் அவள் விரல்களைப் பிரித்துக் கத்தியை வாங்குகிறான்.

“நகரு. பாவம் என்னோட போவட்டும்.”

வெட்டுகிறான்.