யார் கண்ணுக்கு

குறுக்குவில்மேல் மாட்டிக் குறிபார்க்கும் பழைய ஸ்கோப்புக்குள் ஈரம் இறங்கிவிட்டதாம். அதனால்தான் எல்லாம் மங்கலாகத் தெரிகிறதாம்.

கோடை முழுக்க என் வீட்டுக்காரர் ரெய்னோ இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கண் டாக்டர் சொன்னதை மட்டும் ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை. நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, ஓரப்பார்வைதான் மிஞ்சும் என்று டாக்டர் சொன்னபோது நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

புது ஸ்கோப் தேடி ஏறிய மூன்றாவது கடை இது. எனக்குக் கால் கடுத்தது. இப்போதெல்லாம் கார் ஓட்டுவதும் நான்தான்.

ஏரிக்கரைச் சாலையில் வரும்போதே பேசி முடிவு செய்திருந்தோம். ஏதாவது ஒரு ஸ்கோப்பில் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தால், அக்டோபரில் வழக்கம்போல மான் வேட்டைக்குப் போவார். தெரியாவிட்டால் குறுக்குவில் அவர் தம்பி மகனுக்கு. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் கிடையாது.

தெரியாமல் போகட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போயிருந்தேன்.

தோள்மூட்டு போனபோது சாதாரண வில்லை விட்டுவிட்டுக் குறுக்குவில்லுக்கு வந்தவர் அவர். கைப்பிடியைச் சுற்றினால் நாண் தானாக ஏறிக்கொள்ளும். தோளில் வலு இல்லாதவர்களும் வேட்டையாடலாம். கண் போனவர்களுக்கு என்று ஒரு வில் இன்னும் வரவில்லை.

கடைக்காரி வெர்னா ஒவ்வொரு ஸ்கோப்பாக எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். எதிர்ச் சுவரில் பாடம் செய்த மான் தலை ஒன்று இருந்தது. ரெய்னோ ஒவ்வொன்றாக அதை நோக்கிப் பிடித்துப் பார்த்தார்.

முதலாவது இருட்டு என்றார். அடுத்ததில் குறிக்கோடுகள் தலைமயிர் மாதிரி இருக்கிறது என்றார். மூன்றாவதைச் செய்தவனுக்கு வேட்டையே தெரியாது என்றார்.

"சார், மொதல்ல கண்ணுகிட்ட இருக்கற வளையத்தைத் திருப்புங்க. கோடு பளிச்சுன்னு தெரியற எடத்துல நிறுத்திக்கோங்க," என்றாள் வெர்னா. "அது யார் சுடறாங்களோ அவங்க கண்ணுக்கு வைக்கறது. ஒரு தடவ வச்சுட்டா வேற யாரும் தொடக் கூடாது."

அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். எந்த இடத்திலும் நிறுத்தவில்லை.

பின்லாந்துக்காரப் பிடிவாதம். இவர் தாத்தா அங்கிருந்து கப்பலேறும்போது வேறு எதைக் கொண்டுவந்தாரோ இல்லையோ, இதை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

காரில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பாஸ்டி, இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்டது, ஆறிக்கொண்டிருந்தது. போகலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வெர்னா இன்னொரு பெட்டியைத் திறந்தாள்.

இதில் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி எரியும், அந்தி நேரத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே ஸ்கோப்பை அவர் கையில் கொடுத்தாள். பெட்டியின் மூலையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, பிரிக்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தாள்.

ரெய்னோ பொறுக்கவில்லை. புள்ளியை எரியவைக்கும் பக்கவாட்டுக் குமிழைத் திருகிவிட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"இதுதான் ஐலி, இதுதான். புள்ளி கங்கு மாதிரி எரியுது. மானுக்குக் காதுக்குக் கீழ அப்படியே ஒக்காந்திருக்கு," என்றார் என்னிடம்.

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அதைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

வெர்னா என்னைப் பார்த்தாள். பொட்டலம் அப்போதுதான் கிழிந்திருந்தது. அந்தப் புள்ளி எரிய ஸ்கோப்பில் போட வேண்டிய பேட்டரி, சட்டைப் பொத்தான் அளவு, அவள் உள்ளங்கையில் இருந்தது.

அவள் ஏதோ சொல்லப் போனாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் ஜெயித்துவிடுவேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்புறம்? சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அக்டோபர் முழுக்க உட்கார்ந்திருப்பார். அந்த முதுகை நான்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக வில்லைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவும் முடியாது. காட்டில் மற்ற மனிதர்களும் நடமாடுவார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அடித்துக் கொண்டுவந்த மானையெல்லாம் தோலுரித்து, துண்டு போட்டு, ஃப்ரீஸரில் அடுக்கியது நான். ஒன்றைக்கூட நான் அடித்ததில்லை.

"இங்க குடுங்க," என்று ஸ்கோப்பை அவர் கையிலிருந்து வாங்கினேன். வெர்னா சத்தமில்லாமல் பேட்டரியைப் போட்டுத் தந்தாள்.

கண்ணில் வைத்து வளையத்தைத் திருப்பினேன். அது டிக் டிக்கென்று சத்தம் போட்டது. கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெளிந்து வந்தன. சிவப்புப் புள்ளி மானின் நெற்றியில் நின்றது.

"இதே எடத்துல ஒரு டேப் ஒட்டிடும்மா," என்றேன் வெர்னாவிடம். "இனிமே யாரும் திருப்பக் கூடாது."

வளையம் திரும்பிய சத்தம் ரெய்னோவுக்கும் கேட்டிருக்கும். காதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

வெர்னா டேப்பை ஒட்டிப் பெட்டியை மூடும்வரை மான் தலை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காட்டுக்குள்ள வந்து தொணதொணன்னு பேசக் கூடாது," என்றார். "சருகு சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு நான் சொல்றேன். விசைய இழுக்கறப்போ நீ பாதி மூச்ச விட்டுட்டு, அப்படியே நிறுத்திக்கோ."