நீலப் பட்டைக்கு மேலே ஒரு முகம்

அறையில் இருப்பவர்கள்: ஓவியர் மொரெல், அரசியின் தோழியான சீமாட்டி, சலவைக்காரி பெரின், இளவரசனின் உடுப்பில் உட்கார்ந்திருக்கும் அவள் மகன் கொலாஸ். பாரிசுக்கு வெளியே, நாடிழந்த அரசருக்கு இரவலாகக் கிடைத்த மாளிகை இது. இங்கிருந்து வருஷந்தோறும் இளவரசனின் படம் கடல் தாண்டி விசுவாசிகளுக்குப் போகிறது. முகத்துக்கு இளவரசன் உட்காருவான். உடுப்புக்கு, அதே உயரமுள்ள கொலாஸ். ஜன்னலில் பனி வெளிச்சம். அவன் மார்பின் நீலப் பட்டையை நீவிவிட்டுத் திரும்பும் பெரின், கித்தானைப் பார்க்கிறாள். பட்டைக்கு மேலே அவள் மகனின் முகம், உதட்டுத் தழும்பு மட்டும் இல்லாமல். "ஐயா, மூஞ்சியும் இவனதையே போட்டுட்டீங்களே. இளவரசர் பாத்தா சிரிக்கப் போறாரு." மொரெல் தூரிகையைத் துடைக்கிறார். "பாக்க மாட்டாரு. விடியறப்போ அம்மை கொண்டுபோயிடுச்சு." சிலுவை போட எழுந்த அவள் கை நெற்றியிலேயே நிற்கிறது.

"கடலுக்கு அந்தப் பக்கம் யாரும் அவரை நேர்ல பாத்ததில்ல," என்கிறாள் சீமாட்டி. "வளர்ற புள்ள, முகம் மாறத்தான் செய்யும்." கொலாஸ் நெளிகிறான். "அம்மா, கழுத்துப்பட்டி அறுக்குது." சீமாட்டி அவன்முன் முழங்கால் மடக்கி வணங்குகிறாள். "வாங்க, இளவரசே." "அவன் என் புள்ளைங்க," என்கிறாள் பெரின். யாரும் திரும்பவில்லை. சீமாட்டி அவனைக் கைப்பிடித்து உள்ளறைக்கு நடத்துகிறாள். பெரின் ஓடிப் போய் அவனைத் தொடுவதற்குள் கதவு மூடிக்கொள்கிறது. உள்ளே சாவி திரும்புகிறது.