முகம் வாடிய பேட்டரி

பஸ் கண்டக்டர் கையிலிருந்த டிக்கெட் மெஷினுக்குள்ளே நடந்த சங்கதி இது. பேட்டரியின் வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல அங்கே ஒரு குட்டிச் சிப் இருந்தது. அதுவரை அது லித்தியம் பேட்டரியோடுதான் குடித்தனம் நடத்தியது. பசித்தால் லித்தியத்தின் முகம், அதாவது அதன் வோல்டேஜ், வாடும், ஊட்டினால் தெளியும். முகத்தைப் பார்த்தே சிப் சொல்லிவிடும்.

லித்தியம் போய் நிக்கல் பேட்டரி வந்தது. சார்ஜர் ஊட்ட ஊட்ட நிக்கலின் முகம் தெளிந்தது. அப்புறம் லேசாக வாடியது.

"ஐயோ, பசிக்குது போல! இன்னும் ஊட்டு அண்ணே!" என்று சிப் கத்தியது.

சார்ஜரும் ஊட்டியது. நிக்கலுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இன்னும் கொஞ்சம் போனால் வெடித்தே போயிருக்கும்.

"அடேய், வயிறு நிறைஞ்சாத்தான்டா எனக்கு முகம் வாடும்! உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டுன்னு கேட்டதில்லையா?"

"லித்தியம் அண்ணன் அப்படி இல்லையே?"

"அவன் முகத்தை என் கழுத்தில் ஒட்டாதே. உடம்பைத் தொட்டுப் பாரு."

சிப் தொட்டது. சுட்டது. "நிறுத்து அண்ணே!" என்று பதறியது.

மறுநாள் சிப் ஒவ்வொரு கவளமாக எண்ணிக்கொண்டே வந்தது. நிக்கலின் முகம் லேசாக வாடியது, உடம்பும் வெதுவெதுத்தது. சார்ஜர் அடுத்த கவளத்தை உருட்டியது.

"போதும் அண்ணே, அவர் இலையை மடிச்சாச்சு" என்றது சிப்.

நிக்கல் கண் சொக்கிக் கிடந்தது.